வண்டி தாமதித்தாலும் வக்து தாமதிக்காது

'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று ஒலிபெருக்கி தொடங்கியதுமே பிளாட்பாரத்தில் நிற்பவர்களின் முகம் வாடிவிடுகிறது. இரண்டு மணி நேரம் தாமதம் என்பார்கள். அது மூன்றாகும், நான்காகும். கட்டிக்கொண்டு வந்த சோறு தீர்ந்துவிடும். பிள்ளைகள் சிணுங்கும். பெரியவர்கள் ஏசத் தொடங்குவார்கள். இத்தனைக்கும் நடுவே ஒரு தொழுகையின் நேரம் ஓசையில்லாமல் வந்து, ஓசையில்லாமல் போய்விடும்.

ரயில் தாமதமாவதும் வழியில் நின்றுபோவதும் இன்று நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கும் மௌத்துக்கும், வைத்தியத்துக்கும் வியாபாரத்துக்கும் ரயிலில்தான் போகிறோம். அப்படியிருந்தும், வண்டி நின்றுவிட்டால் ஒரு முஸ்லிம் என்ன செய்ய வேண்டும் என்பதை நம்மில் பலர் படித்துவைப்பதில்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு முறை தவறிப்போனவன் என்பதே என் தகுதி.

எனக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த ராத்தா மௌத்தான செய்தி சுப்ஹுக்குப் பின் எனக்குக் கிடைத்தது. அப்போது நான் வெளியூரில் இருந்தேன். உம்மா நோயில் படுத்திருந்த காலத்தில் என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். பகல் ஒரு மணி வண்டி. ளுஹரைத் தொழுதுவிட்டு ஏறினேன். மாலை ஐந்து மணிக்கு ஊர் சேரும். அஸரை ஊரில் தொழலாம். மஃரிபுக்குப் பின் ஜனாஸா. இதுதான் என் கணக்கு.

மூன்றரை மணிக்கு ஒரு சிறிய நிலையத்தில் வண்டி நின்றது. முன்னால் போன சரக்கு வண்டி தடம் புரண்டுவிட்டது என்றார்கள். ராத்தாவின் மகன் போன் செய்தான். "மாமா, நீங்க வர்ற வரைக்கும் வச்சிருக்கட்டுமா?" என்று கேட்டான். ஜனாஸாவை விரைவாக அடக்க வேண்டும் என்பது நபிமொழி. "வேண்டாம்ப்பா, எனக்காகத் தாமதிக்காதீங்க. மஃரிபுக்குப் பிறகு எடுத்துடுங்க" என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன்பின் நான் செய்தது என்ன? எதிரே இருந்தவர்களோடு சேர்ந்து நிர்வாகத்தைத் திட்டினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்துபோய் வாசலில் எட்டிப் பார்த்தேன். கல்லூரி மாணவர் ஒருவர் கைகழுவும் தொட்டியில் உளூச் செய்துவிட்டு வந்தார். என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், அஸர் தொழுதுட்டீங்களா? சேர்ந்து தொழலாமா?" என்று கேட்டார். "இதோ இப்ப கிளம்பிடும் தம்பி. நான் ஊர்ல போய்த் தொழுதுக்குறேன்" என்றேன். அவர் கதவோரம் ஒரு துண்டை விரித்துத் தனியாகத் தொழுதார். வண்டி அசையாமல் நின்றது. சூரியன் மறைந்தபோதும் அது அங்கேதான் நின்றது.

இரவு பத்தரை மணிக்கு ஊர் சேர்ந்தேன். அடக்கம் முடிந்திருந்தது.

அன்று எனக்கு இரண்டு தவறிப்போயின. ராத்தாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் வாய்ப்பு தவறியது. அது தண்டவாளத்தில் நேர்ந்த விபத்தால். அஸர் தவறியது, அது முழுக்க என்னால். முன்னதை அல்லாஹ் என்னிடம் கேட்கமாட்டான். பின்னதைக் கேட்பான். தாமதத்தில் நம் கையில் இல்லாதது எது, நம் கையில் இருப்பது எது என்று பிரித்தறியத் தெரியாததுதான் என் குற்றம். இந்தக் கட்டுரையின் செய்தியும் அதுவே.

ஒரு கழுத்து மாலையால் நின்ற பயணம்

பயணம் தடைப்படுவது நம் காலத்துத் தொல்லை மட்டுமா? புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் வரும் நிகழ்ச்சியைப் பாருங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் தோழர்களும் ஒரு பயணத்தில் பைதா அல்லது தாத்துல் ஜைஷ் என்னும் இடத்தை அடைந்தபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்து மாலை அறுந்து விழுந்துவிட்டது. அதைத் தேடுவதற்காகப் பெருமானார் தங்கினார்கள். படை முழுவதும் நின்றது. அங்கே தண்ணீர் இல்லை. யாரிடமும் மீதித் தண்ணீரும் இல்லை.

மக்கள் என்ன செய்தார்கள்? நம்மைப் போலவே குறைப்பட்டுக்கொண்டார்கள். ஹள்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களிடம் போய், உங்கள் மகள் செய்ததைப் பார்த்தீர்களா என்று முறையிட்டார்கள். அவர்கள் மகளிடம் வந்து, தண்ணீர் இல்லாத இடத்தில் மக்களையெல்லாம் நிறுத்திவைத்துவிட்டாயே என்று கடிந்தார்கள். விலாவில் இடிக்கவும் செய்தார்கள். ஆனால் அன்னையோ அசையவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னையின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

விடிந்தபோது தயம்முமின் வசனம் இறங்கிவிட்டிருந்தது. தண்ணீர் கிடைக்காதவர் தூய மண்ணைக் கொண்டு முகத்தையும் கைகளையும் தடவித் தொழலாம் என்னும் சலுகை (அல்குர்ஆன் 5:6) கியாமத் நாள்வரை இந்த உம்மத்துக்குக் கிடைத்தது. அபூபக்கர் குடும்பத்தால் கிடைத்த பரக்கத்துகளில் இது முதலாவதல்ல என்று உஸைத் பின் ஹுளைர் (ரலி) மகிழ்ந்து சொன்னார்கள். பிறகு ஒட்டகத்தை எழுப்பினால், தேடிய மாலை அதன் அடியிலேயே கிடந்தது!

சிந்தித்துப் பாருங்கள். மாலை கிடந்தது கூப்பிடு தூரத்தில்கூட அல்ல, காலடியில். அது முன்னிரவிலேயே கண்ணில் பட்டிருந்தால் பயணம் நின்றிருக்காது. பயணம் நின்றதால்தான் வழி தெரியாமல் தவிக்கும் ஒவ்வொரு பயணிக்கும் வழி பிறந்தது. நோயாளிக்கும் பயணிக்கும் துணையாக நிற்கும் ஒரு சட்டம் தாமதமான ஒரு பயணத்தில் அருளப்பட்டது என்பதை நின்றுபோன வண்டியில் இருப்பவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி. ஹள்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு படையெடுப்பில் அஸர்பைஜானில் இருந்தபோது பனி வழியை அடைத்துவிட்டது. ஆறு மாதம் அங்கே தங்க நேர்ந்தது. அந்த ஆறு மாதமும் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகவே தொழுதார்கள் என்று பைஹகீயில் வருகிறது. ஆறு மணி நேரத்துக்கே நாம் பொறுமை இழக்கிறோம்!

ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற வண்டி

பழைய நிகழ்ச்சிகள் போதும் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே, நம் மக்கள் நிறைந்து வாழும் பகுதியிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதே பாதையிலுள்ள காயல்பட்டினத்தில் அப்போது 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. வண்டியில் இருந்தவர்கள் ஏறத்தாழ 800 பேர். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். மற்றவர்கள் நிலையத்திலேயே 19ஆம் தேதிவரை சிக்கியிருந்தார்கள். பக்கத்துக் கிராமத்து மக்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் தவித்த நேரத்திலும், பயணிகளின் பசியைப் போக்கினார்கள். ஹெலிகாப்டர் மூலமும் உணவு போடப்பட்டது. பின்னர் மீட்கப்பட்டவர்கள் வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி வண்டியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

வண்டியை அங்கே நிறுத்தாமல் விட்டிருந்தால்? அந்தரத்தில் தொங்கிய தண்டவாளத்தின் மேலல்லவா அது ஓடியிருக்கும்! தாமதம் என்று நாம் சலித்துக்கொள்வது சில வேளை நம் உயிரைக் காத்த ஏற்பாடாகவே இருக்கும். நாம் விரும்பாத ஒன்றில் நமக்கு நன்மை இருக்கலாம் என்று திருமறை (2:216) சொல்வதற்கு வேறு விளக்கம் வேண்டுமா?

சரி, அப்படி இரண்டு நாள் சிக்கிக்கொண்ட ஒருவர் எப்படித் தொழுவார்? நின்றுபோன வண்டியில் எழும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நம்மிடையே ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் சொல்கிறேன். அவரவர் தம் மத்ஹபின்படி நடந்துகொள்க.

பயணியின் சட்டங்கள்

1. எப்போது முஸாபிர் ஆகிறோம்?

ஏறத்தாழ 48 மைல், அதாவது சுமார் 80 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தூரத்தை நாடிச் செல்பவர் முஸாபிர். கிலோமீட்டர் கணக்கில் உலமாக்களிடையே சிறு வேற்றுமை உண்டு. பலரும் தவறும் இடம் ஒன்றிருக்கிறது: ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே கஸ்ரு தொடங்கும். உங்கள் ஊர் ரயில் நிலையம் ஊருக்குள்ளேயே இருந்தால், பெட்டி படுக்கையோடு பிளாட்பாரத்தில் ஆறு மணி நேரம் காத்திருந்தாலும் நீங்கள் இன்னும் முகீம்தான். அங்கே ளுஹரையும் அஸரையும் நான்காகவே தொழ வேண்டும். சேர்த்துத் தொழவும் கூடாது. வண்டி வரும்வரை பக்கத்துப் பள்ளிவாசலில் ஜமாஅத்தோடு தொழ வசதியிருந்தால் அதைவிட நன்று எது?

அதேபோல, பார்க்க வேண்டியது நாடிய தூரத்தையே தவிர ஓடிய தூரத்தை அல்ல. காயல்பட்டினத்திலிருந்து சென்னையை நாடிப் புறப்பட்டவர் ஸ்ரீவைகுண்டத்திலேயே சிக்கிக்கொண்டாலும் முஸாபிர்தான். ஆனால், 'பயணமே வேண்டாம், ஊருக்கே திரும்பிவிடுவோம்' என்று அங்கே முடிவுசெய்துவிட்டால்? கஸ்ருக்குரிய தூரத்தைக் கடக்கும் முன்பே எண்ணம் மாறிவிட்டது. இனி அவர் முழுமையாகத் தொழ வேண்டும்.

2. எத்தனை நாள்வரை?

ஓரிடத்தில், சென்ற நாளையும் புறப்படும் நாளையும் விட்டு நான்கு நாள் தங்குவதாக நிய்யத்துச் செய்துவிட்டால் ஷாபிஈ மத்ஹபில் அவர் முகீம். ஹனபி மத்ஹபில் 15 நாள் நிய்யத்து வேண்டும். வண்டி எப்போது கிளம்புமோ என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு அப்படி ஒரு நிய்யத்தே இல்லை. அவர் ஷாபிஈ மத்ஹபில் 18 நாள்வரை கஸ்ரு செய்யலாம். ஹனபி மத்ஹபில் நாள் எத்தனை நீண்டாலும் அவர் முஸாபிரே. மக்கா வெற்றியின்போது பெருமானார் (ஸல்) அவர்கள் 19 நாள் தங்கிக் கஸ்ரு செய்ததாகப் புகாரியில் வருகிறது. தபூக்கில் 20 நாள் தங்கிக் கஸ்ரு செய்ததாக அபூதாவூதில் வருகிறது. நாட்களைக் கணக்கிடுவதில்தான் இமாம்களிடையே வேற்றுமை.

3. சேர்த்துத் தொழுவது

ஷாபிஈ மத்ஹபில் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் பயணத்தில் சேர்த்துத் தொழலாம். முன்னதன் வக்திலேயே இரண்டையும் தொழுவதானால், முன்னதை முதலில் தொழ வேண்டும். அதைத் தொழும்போதே சேர்த்துத் தொழும் நிய்யத்து இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி கூடாது. பின்னதன் வக்துக்குத் தள்ளுவதானால், முன்னதன் வக்து முடிவதற்குள் 'இதைப் பிந்திச் சேர்த்துத் தொழுகிறேன்' என்று நிய்யத்து வைத்துவிட வேண்டும். நிய்யத்து இல்லாமல் ஏனோதானோ என்று விட்டுவிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்வது சலுகையாகாது; அது களாவே.

அஸரை மஃரிபோடோ, இஷாவைச் சுப்ஹோடோ சேர்க்க எந்த மத்ஹபிலும் இடமில்லை. நான் தவறியது இங்கேதான். ளுஹரை அதன் வக்தில் தொழுதுவிட்டேன். அஸரை எங்கும் தள்ளிவைக்க வழியில்லை. அதை அந்த வண்டியிலேயே தொழுதிருக்க வேண்டும்.

ஹனபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரபாவிலும் முஸ்தலிபாவிலும் தவிர ஒரே வக்தில் சேர்ப்பது இல்லை. ஆனால் ளுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் தொழுதுகொள்ளலாம். ஒரே உளூவில் இரண்டும் அடுத்தடுத்து முடியும்; ஒவ்வொன்றும் தன் வக்திலேயே நிறைவேறும்.

4. நிலையும் கிப்லாவும்

பர்ளுத் தொழுகையில் இயன்றவர் நின்றே தொழ வேண்டும்; கிப்லாவை முன்னோக்க வேண்டும். ஓடும் வண்டியில் விழுந்துவிடும் அச்சம் இருக்கலாம். நிற்கும் வண்டியில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. தாமதம் தரும் வசதி இது. தமிழ்நாட்டில் கிப்லா மேற்கே, சற்று வடக்கே சாய்ந்திருக்கிறது. வடக்கு தெற்காகச் செல்லும் வண்டியில் ஒரு பக்கத்து ஜன்னல் மேற்கே அமைந்துவிடும். கதவோரம் குறுக்காக நின்று தொழுவது எளிது. தொழும்போதே வண்டி புறப்பட்டு வளைந்தால், நாமும் கிப்லாவின் பக்கம் திரும்பிக்கொண்டு தொழுகையைத் தொடர வேண்டும்.

நெரிசலில் நிற்கவோ திரும்பவோ முடியவே இல்லை என்றால், வக்தைக் கண்ணியப்படுத்தி இயன்றபடி தொழுதுவிட்டு, பிறகு இறங்கியதும் மீட்டித் தொழ வேண்டும். முடிந்ததைக்கூடச் செய்யாமல் இருந்துவிடுவதற்கு அனுமதி இல்லை.

5. தண்ணீர்

வண்டியின் குழாய்த் தண்ணீர் தூய்மையானதே. கழிவறைக்குள் இருக்கும் குழாயிலிருந்து வந்ததால் மட்டும் தண்ணீர் நஜீஸாகிவிடாது. சிலர் அருவருப்பையும் அசுத்தத்தையும் ஒன்றாக எண்ணித் தொழுகையை விட்டுவிடுகிறார்கள். இது பெரும் தவறு. ஒரு குவளைத் தண்ணீரில் உறுப்புகளை ஒரு முறை கழுவினாலும் பர்ளு நிறைவேறிவிடும்.

வெகுநேரம் நின்ற வண்டியில் குழாய் வறண்டுவிடும். நிலையத்திலும் தேடிக் கிடைக்கவில்லை என்றால் தயம்மும். ஷாபிஈ மத்ஹபில் புழுதியுள்ள தூய மண் வேண்டும். வக்து வந்தபின் ஒவ்வொரு பர்ளுக்கும் தனித் தயம்மும் வேண்டும். பொதுவாகத் தண்ணீர் கிடைக்கும் இடமாக இருந்தால் பிறகு மீட்டித் தொழவும் வேண்டும். ஹனபி மத்ஹபில் மண், கல், செங்கல் போன்ற பூமியின் இனம் எதுவும் போதும். ஒரே தயம்முமில் பல தொழுகைகள் தொழலாம். நம் முன்னோர் பயணப் பையில் ஒரு சிறு துணியில் தூய மண்ணை முடிந்துவைத்தார்கள். அந்த வழக்கத்தை நாமும் மறவாதிருப்பது நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கையில் ஒரே ஒரு போத்தல் தண்ணீர் இருக்கிறது. எதிர் இருக்கையில் ஒரு குழந்தை தாகத்தால் அழுகிறது. உளூவா, தாகமா? தனக்கோ பிற உயிருக்கோ தாகம் தீர்க்கத் தேவைப்படும் தண்ணீர் இருந்தும் இல்லாததைப் போன்றதே என்று இரு மத்ஹபின் நூல்களும் கூறுகின்றன. தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுங்கள்; நீங்கள் தயம்மும் செய்துகொள்ளுங்கள். அந்தக் குழந்தை எந்த மதத்தைச் சேர்ந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

6. ஊருக்கு வெளியே சிக்னலில் நின்றால்

ஊர் வந்துவிட்டது, ஆனால் வண்டி வெளிச் சிக்னலில் நிற்கிறது. ஊர் எல்லைக்குள் நுழையாதவரை பயணம் முடியவில்லை. அங்கே கஸ்ரு செய்யலாம். கஸ்ராகத் தொழுதுகொண்டிருக்கும்போதே வண்டி ஊருக்குள் நுழைந்துவிட்டால் நான்காக முழுமையாக்க வேண்டும். ஷாபிஈ மத்ஹபினர் ளுஹரோடு அஸரையும் முற்படுத்தித் தொழுதுவிட்டு, அஸர் வக்தில் ஊர் சேர்ந்தால் மீட்டித் தொழத் தேவையில்லை.

பயணத்தில் களாவான தொழுகையை அதே பயணத்திலேயே நிறைவேற்றினால் இரண்டாகத் தொழலாம். ஊருக்கு வந்து நிறைவேற்றினால் ஷாபிஈ மத்ஹபில் நான்கு. ஹனபி மத்ஹபில் அப்போதும் இரண்டுதான். ஊரில் களாவானதைப் பயணத்தில் தொழுதால் இருவருக்கும் நான்கே.

7. இரவு வண்டியும் சுப்ஹும்

விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கிவிடலாம் என்று படுத்தவர், வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்பது தெரியாமல் உறங்கி, வெயில் முகத்தில் பட்டபின் எழுகிறார். கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் பெருமானார் (ஸல்) அவர்கள் படுக்கும் முன், விழித்திருந்து எழுப்பும்படி பிலால் (ரலி) அவர்களை நியமித்தார்கள். பிலால் (ரலி) அவர்களும் ஒட்டகத்தில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார்கள். சூரியன் உதித்தபின் முதலில் எழுந்தவர்கள் பெருமானார்தாம். சற்றுத் தூரம் நகர்ந்து சென்று, ஜமாஅத்தாகத் தொழுதார்கள். மறந்தோ உறங்கியோ தவறவிட்டவர் நினைவு வந்ததும் தொழ வேண்டும் என்று பாடமும் தந்தார்கள் (முஸ்லிம்).

இங்கே இரண்டு பாடங்கள் உண்டு. படுக்கும் முன் எழுவதற்கு ஏற்பாடு செய்வது நம் பொறுப்பு. வண்டி ஊர் சேரும் நேரத்தை நம்பிப் படுக்காமல், சுப்ஹு நேரத்துக்கு அலாரம் வையுங்கள். ஏற்பாடு செய்தும் தவறிவிட்டால் பதறாமல் எழுந்ததும் தொழுவது அடுத்த பொறுப்பு.

8. நோன்பாளி

ரமளானில் பஜ்ருக்கு முன்பே பயணம் புறப்பட்டவர் நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யலாம். சிரமம் இல்லையேல் நோற்பதே சிறப்பு. முகீமாக நோன்பு வைத்துக்கொண்டு பஜ்ருக்குப் பின் புறப்பட்டவர், பயணம் என்பதற்காக மட்டும் அதை முறிக்கக் கூடாது. நோன்பு திறப்பது வண்டி நிற்கும் இடத்தின் சூரியக் கணக்கில்தான். ஆகவே மாலை நான்கு மணிக்கு ஊர் சேரும் வண்டியானாலும் பையில் நாலு பேரீச்சம்பழமும் தண்ணீரும் இருக்கட்டும்.

பக்கத்து இருக்கைக்காரர்

பெற்றோர், உறவினர், அநாதைகள், அண்டை வீட்டார் ஆகியோரோடு, பக்கத்தில் இருக்கும் தோழருக்கும் நன்மை செய்யும்படி திருமறை (4:36) பணிக்கிறது. வழிப்பயணத்தில் உடன் வருபவரும் இதில் அடங்குவார் என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நாலு மணி நேரம் நம் தோளோடு தோள் உட்கார்ந்திருப்பவருக்கு நம்மீது ஹக்கு உண்டு! ஒரு பயணத்தில் வாகனம் மிகுதியாக உள்ளவர் இல்லாதவருக்கும், உணவு மிகுதியாக உள்ளவர் இல்லாதவருக்கும் கொடுக்கட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். எதையும் மிச்சம் வைத்துக்கொள்ள உரிமையில்லையோ என்று எண்ணுமளவுக்கு ஒவ்வொரு பொருளாகச் சொன்னார்கள் என முஸ்லிமில் வருகிறது. வண்டி நின்றதும் நம் சோற்றுப் பெட்டியை மறைத்துவைப்பதா, திறந்துவைப்பதா?

தொழும்போது வழியை அடைக்காதீர்கள். போவோர் வருவோர் நம்மைத் தாண்ட முடியாமல் தவித்தால் அந்த வணக்கம் பிறருக்குத் தொல்லையாகிவிடும். ஓரிடம் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, சுருக்கமாகத் தொழுங்கள். தொழுகைக்காகவோ உறவினர் வந்து சேர்வதற்காகவோ அபாயச் சங்கிலியை இழுக்கக் கூடாது. தக்க காரணமின்றி இழுப்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறையோ ஆயிரம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ பெற்றுத்தரும் குற்றம். நின்ற வண்டியிலிருந்து தண்டவாளத்தில் இறங்கி நடப்பதும் உயிரோடு விளையாடுவதே.

ரயில் ஊழியரை ஏசுவதால் வண்டி கிளம்பாது. நம் நாவின் கணக்குதான் ஏறும். உரிமையைக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஏறும் நிலையத்தில் வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நாம் பயணம் செய்ய விரும்பாவிட்டால், அது புறப்படும் முன் முறைப்படி விண்ணப்பித்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். 139 என்ற எண்ணில் வண்டியின் நிலவரத்தைக் கேட்கலாம், குறையும் சொல்லலாம். ஆனால் நம் வண்டி தாமதம் என்பதற்காக வேறு வண்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறுவது ஹலாலாகிவிடாது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: தாமதத்தின் பளு பெரும்பாலும் தாய்மார்மீதே விழுகிறது. பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டே தொழ முடியாமல் தவிப்பார்கள். கணவர் தாம் தொழுததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு, மனைவி உளூச் செய்து தொழ இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும். தாம் தொழுதுவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொள்வது ஆண்மைக்கு அழகல்ல. தொழ இயலாத நாட்களில் இருக்கும் பெண்கள் திக்ரு, ஸலவாத்தில் நாவை நனைத்துக்கொண்டிருக்கலாம்.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது உணவையும் உறக்கத்தையும் கெடுப்பதால் காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்திடம் திரும்ப வேண்டும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (புகாரி, முஸ்லிம்). நம் சிரமம் அவர்களுக்குத் தெரியாததல்ல. அதே பெருமானார்தாம், ஏற்கப்படும் துஆக்களில் ஒன்றாகப் பயணியின் துஆவையும் எண்ணினார்கள் (திர்மிதீ). அப்படியானால் வண்டி தாமதிக்கத் தாமதிக்க, துஆ ஏற்கப்படும் அந்த நேரமும் நீள்கிறது அன்றோ! அதை ஏசித் தீர்த்துவிடலாமா?

கடைசியாக

சூரியன் மறைந்ததும் அந்த மாணவர் மறுபடியும் என்னிடம் வந்தார். நான் சொல்லாமலே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போலும். "வாங்க ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். கதவோரம் இருவரும் மஃரிபைத் தொழுதோம். நான் அவர் பின்னால் நின்றேன். பிறகு அஸரைக் களாச் செய்தேன்.

ராத்தாவுக்குத் தொழ வழியிருந்தது. பள்ளிவாசலைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒருவர் இறந்ததைத் தமக்கு அறிவிக்காமல் அடக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், பெருமானார் (ஸல்) அவர்கள் கபுரைக் காட்டச்சொல்லி அங்கே சென்று தொழுதார்கள் (புகாரி, முஸ்லிம்). இறந்த வேளையில் ஜனாஸா தொழத் தகுதியுடையவராக இருந்தவர் பிந்தி வந்தால் கபுரில் தொழலாம் என்பது ஷாபிஈ மத்ஹப். ஹனபி மத்ஹபில், உரிமையுள்ள வலீ தொழுதுவிட்டால் மீண்டும் தொழுவது இல்லை. அவர்கள் துஆச் செய்வார்கள். மறுநாள் காலை ஈரம் காயாத மண்ணருகே நின்று நான்கு தக்பீர் கட்டினேன். தவறிய ஜனாஸாவுக்கு மார்க்கம் எனக்கு ஒரு வழி வைத்திருந்தது. தவறிய அஸருக்கோ களாவும் தவ்பாவும்தான்.

அடுத்த முறை வண்டி நிற்கும்போது முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். வண்டி எப்போது கிளம்பும் என்று கணக்கிடுவதற்கு முன், எந்த வக்து நடக்கிறது, அது எப்போது முடியும் என்று கணக்கிடுங்கள். வண்டியின் நேரம் யார் கையிலோ இருக்கிறது. வக்தை அமானிதமாக நம் கையில் தந்திருக்கிறான் அல்லாஹ்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்குவானாக! நின்ற இடத்திலும் தன்னை நினைப்பவர்களாக நம்மையும் நம் மக்களையும் ஆக்குவானாக! நமக்கு முன் சென்றுவிட்ட சகோதர சகோதரிகளின் கபுரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.